வீட்டு ஆக்சிமீட்டர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டினால் எதை நம்புவது?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள உங்கள் அம்மாவுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஆக்சிமீட்டர் காலையில் 89 சதவீதம், அரை மணி நேரம் கழித்து 95, இடது கையில் மாட்டினால் 92 என்று காட்டுகிறது, இவற்றில் எது உண்மை, கருவியை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று எண்களும் தெரிந்தபோது அவற்றின் பக்கத்திலேயே நாடித்துடிப்பு எவ்வளவு என்று இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த இன்னோர் எண்ணில்தான் இருக்கிறது. நான் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன், மருத்துவர் அல்லன். என் அப்பாவுக்கும் இதே நோய் என்பதால், இந்தச் சிறு கருவி எங்கள் வீட்டிலும் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

விரலை நுழைக்கும் அந்தக் கவ்விக்குள் ஒரு பக்கம் இரண்டு விளக்குகள் உள்ளன. ஒன்று ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், மற்றொன்று 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறி உமிழ்கின்றன. எதிர்ப்பக்கத்தில் உள்ள உணரி, விரலைக் கடந்து வரும் ஒளியை அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகமாக உறிஞ்சிச் சிவப்பை விட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாதது இதற்கு நேர்மாறாகச் செய்யும். ஆனால் விரலில் தோலும் எலும்பும் சதையும் சிரை ரத்தமும் இருக்கின்றன, அவையும் ஒளியை உறிஞ்சுகின்றன. அப்படியிருக்கத் தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் நெடுநாள் தீராதிருந்த சிக்கல். ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய டகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் விரலில் பொங்கி வடிவது தமனி ரத்தம் மட்டுமே என்பதால், ஒளியில் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும் என்பதே அவர் கண்ட உபாயம். அவர் 2020 ஏப்ரலில், உலகமே இந்தக் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த நேரத்தில் காலமானார்.

ஆகவே கருவி முதலில் தேடுவது நாடியை. அது கிடைத்த பிறகுதான் ஆக்சிஜன் கணக்கு. அந்த ஏற்ற இறக்கமோ மிகச் சிறியது: நன்றாக ரத்தம் ஓடும் விரலிலேயே மொத்த ஒளியில் சில சதவீதம்தான், சில்லிட்ட விரலில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் கை நடுக்கமும் அறை விளக்கின் ஒளியும் நாடியைவிடப் பெரிய அலைகளாகிவிடுகின்றன. இத்தகைய குழப்பம் இரண்டு ஒளிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிப்பதால், இரண்டு ஒளிகளின் ஏற்ற இறக்கத்தையும் ஒப்பிட்டுக் கருவி போடும் விகிதக் கணக்கு 1-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. கருவிக்குள் பதித்து வைத்திருக்கும் அட்டவணையில் அந்த விகிதத்துக்கு எதிரே இருப்பது ஏறத்தாழ 85. நடுங்கும் கையிலோ ஐஸ் போலக் குளிர்ந்த விரலிலோ 84, 85, 86 என்று எண்கள் தடுமாறினால், நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கும்பட்சத்தில், முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவெடுத்த விதத்தை.

அளவெடுக்கும் முறைக்கு வருகிறேன். குளியலறையிலிருந்து நடந்து வந்த உடனேயோ, இருமல் நின்ற உடனேயோ எடுக்கக் கூடாது. ஐந்து நிமிடமாவது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும். கை குளிர்ந்திருந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துவிடலாம், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய டம்ளரைச் சற்று நேரம் பிடித்திருக்கச் சொல்லலாம். மார்கழிக் காலையில் என் அப்பாவின் விரலில் கருவி வெறும் கோடு மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். காபி டம்ளரைப் பிடித்துக் குடித்து முடித்ததும் அதே விரலில் அளவு நின்று காட்டும். உங்கள் அம்மாவின் காலை 89-க்கும் பிந்திய 95-க்கும் இடையே இப்படி ஏதாவது இருந்திருக்கலாம். படுத்து எழுந்த உடனே சளி அடைத்திருந்து, இருமித் துப்பிய பிறகு உண்மையாகவே ஆக்சிஜன் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விரல்களில் நடுவிரலோ ஆட்காட்டி விரலோ நல்லது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட வேண்டும். இலை அரைத்து இட்டுச் சிவந்த மருதாணி பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. கருப்பாகப் பிடிக்கும் கோன் மெஹந்தி ஒளியை மறித்துவிடலாம். நகம் நீளமாக இருந்தால் விரல் நுனி கவ்வியின் உள்முனை வரை போகாமல் உணரிக்கு வெளியிலேயே நின்றுவிடும், எனவே நகத்தை வெட்டிவிடுவது நல்லது. ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம். அதே கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆக்சிமீட்டரை மாட்டுவது வீண். கையை மேசையிலோ நெஞ்சின் மீதோ அசையாமல் வைத்து, முதலில் மின்னும் எண்ணைப் படித்துவிடாமல், ஒரு நிமிடம் போலக் காத்திருந்து, எந்த எண்ணில் நிலைத்து நிற்கிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். பல விரல்களில் மாட்டிப் பார்த்து, மனத்துக்கு ஆறுதல் தரும் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தினமும் ஒரே கை, ஒரே விரல் என்று வைத்துக்கொண்டால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன நாடிக்குத் திரும்புகிறேன். கருவி விரலில் இருக்கும்போதே மற்றொரு கையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உங்கள் இரண்டு விரல்களை வைத்து நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அது 88 என்று வந்து, கருவியும் 86, 90 என்ற அளவில் காட்டினால், கருவி நாடியைப் பிடித்துவிட்டது என்று பொருள். பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் எண்ணைப் பொருட்படுத்தலாம். கையில் 88 இருக்கும்போது கருவி 47 என்றோ 130 என்றோ காட்டினால், ஆக்சிஜன் 98 என்று இருந்தாலும் 82 என்று இருந்தாலும் அந்த அளவை எழுதிவைக்கத் தேவையில்லை. நாடி ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அவர்களுக்குச் சற்று வித்தியாசம் இருக்கவே செய்யும். கருவியில் பிஐ என்று ஒரு சிறு எண் தெரிந்தால், அது துடிப்பு அலை எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்பதைச் சொல்கிறது. அது மிகவும் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் அளவுகளைச் சற்று ஒதுக்கியே வைக்கலாம்.

படிப்பதில் நேரும் தவறு ஒன்று வேடிக்கையானது, ஆனால் வயிற்றைக் கலக்கக்கூடியது. எங்கள் உறவினர் ஒருவர் நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து, தன் மனைவிக்கு 86 காட்டுகிறது, ஆம்புலன்ஸை அழைக்கட்டுமா என்று பதறினார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், அவர் கட்டிலின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு எண்ணைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். உண்மையில் அது 98. கட்டங்கட்டமாக ஒளிரும் அந்த எண்களில் 99 தலைகீழாக 66 ஆகும், 95 தலைகீழாக 56 ஆகும். எஸ்பிஓ2 என்று எழுதியிருக்கும் ஆக்சிஜனின் பக்கம் எது, பிஆர் என்று எழுதியிருக்கும் நாடியின் பக்கம் எது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் பார்த்து வைத்திருப்பது நல்லது. நாடி 88, ஆக்சிஜன் 97 என்று இருப்பவருக்கு ஆக்சிஜன் 88 என்று எண்ணிப் பயந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

முறையாக எடுத்தாலும் இந்தக் கருவி தருவது தோராயமான அளவுதான். பெட்டியின் மேல் கூட்டல் கழித்தல் 2 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். எல்லா அளவும் அதற்குள் அடங்கும் என்பது அதன் பொருளன்று, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவுகள் அடங்கும் என்பதே பொருள். கருவி 90 காட்டும்போது ரத்தத்தில் உண்மையான அளவு 86 முதல் 94 வரை இருக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே விளக்கியிருக்கிறது. இடது கையில் 92, வலது கையில் 94 என்ற வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, உள்ளே இருக்கும் அட்டவணை, ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களுடைய தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டுத் தயாரித்தது. 70-க்குக் கீழே அவர்களைக் கொண்டுபோவது ஆபத்து என்பதால், அதற்குக் கீழே காட்டும் எண்களெல்லாம் கணக்கை நீட்டிப் பெற்ற ஊகம்தான்.

நம்மவர்கள் அதிகம் பேசாத, ஆனால் நம்மவர்களுக்கு மிகவும் தேவையான ஒரு செய்தி தோல் நிறத்தைப் பற்றியது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம். மெலனின் நிறமி மிகுந்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் போக்கு இருக்கிறது என்பதே இதன் சாரம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் அமெரிக்க நோயாளிகள். அந்தச் சதவீதத்தை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மாநிறத்துக்கும் கருமைக்கும் இடைப்பட்ட நம் தோலில் 94 என்று பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம்.

வேறு சில நிலைகளில் எண் இயல்பாகவே இருக்கும், ஆனால் அது சொல்லும் செய்தி முழுமையாக இருக்காது. ரத்தசோகை உள்ளவருக்கு இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபினும் ஆக்சிஜனால் நிரம்பியிருந்தால் 98 காட்டும். உடலுக்குப் போய்ச் சேரும் மொத்த ஆக்சிஜன் குறைவு என்பதைக் கருவி அறியாது. மூடிய அறையில் கரி அடுப்புப் புகையைச் சுவாசித்தவரின் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடையும், கருவி ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் இது சிறிய அளவில் எப்போதும் நடக்கிறது.

உங்கள் அம்மாவின் நோயில் இதைவிட முக்கியமானது கார்பன் டை ஆக்சைடு. அதை இந்தக் கருவி அளப்பதே இல்லை. சிஓபிடி முற்றிய சிலருக்கு ஆக்சிஜனைத் தேவைக்கு மேல் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்கி, தூக்கக் கலக்கம், தலைவலி, குழப்பம் என்று போய் மயக்கம் வரைக்கும் கொண்டுவிடும். அத்தகையவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றே பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி என்ற நுரையீரல் மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. 94 என்ற எல்லைக்கோடு நம் மனத்தில் பதிந்தது கொரோனா காலத்தில். 90 முதல் 93 வரை மிதமான பாதிப்பு, 90-க்குக் கீழே கடுமையான பாதிப்பு என்று மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்தது அந்த நோய்க்காக. அம்மாவுக்கு எந்த எண் இயல்பு, எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் அழைக்க வேண்டும் என்பதை அவருடைய நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல், 89-ஐப் பார்த்த பதற்றத்தில் வீட்டு ஆக்சிஜன் இயந்திரத்தின் லிட்டரை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

எண் எதுவாக இருந்தாலும், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கை வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடி 24-ஐத் தாண்டினாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, 108-ஐ அழைப்பதற்கு ஆக்சிமீட்டரின் ஒப்புதல் தேவையில்லை.

கருவியை மாற்றலாமா என்பதற்கு வருகிறேன். கவ்விக்குள் பென்சிலை வைத்தால் எண் காட்டுகிறது, ஆகவே போலி என்று பரவிய காணொளிகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையில் பிடித்திருக்கும் பென்சிலின் அசைவையே நாடி என்று எண்ணி நல்ல கருவிகளும் சில சமயம் எண் காட்டிவிடும். விரலைக் கேமராவில் வைத்தால் ஆக்சிஜன் சொல்வதாகக் கூறும் கைப்பேசிச் செயலிகளோ தொடவே வேண்டாதவை. முதலில் மின்கலங்களை மாற்றி, உள்ளே ஒளி வரும் சிறு கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வீட்டில் ஆரோக்கியமான ஒருவருக்கு மாட்டிப் பாருங்கள். சமவெளியில் இருப்பவருக்கு 95-க்கு மேல் நிலையாக நின்றால் கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் சற்றுக் குறைந்தே காட்டும்.

அதன் பிறகு, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் கருவியையும் எடுத்துச்சென்று, அங்குள்ள மானிட்டரின் கவ்வியை ஒரு விரலிலும் உங்களுடையதை அதே கையின் பக்கத்து விரலிலும் ஒரே நேரத்தில் மாட்டித் தரும்படி செவிலியரிடம் கேளுங்கள். தமனி ரத்தப் பரிசோதனை எடுக்கும் நாளாக அமைந்துவிட்டால் இன்னும் நல்லது. வேறுபாடு இரண்டு மூன்றுக்குள் இருந்தால் அதை ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவிட்டு அதையே பயன்படுத்துங்கள். நான்கைந்துக்கு மேல் போனால் புதியது வாங்குங்கள்.