பள்ளிக்கூடம் கட்டுவதா, பிள்ளையைப் பிடித்து வைப்பதா? ரீச்சரிடம் கேட்டவை

ஒட்டுசுட்டான் பக்கம் 2016 இலிருந்து ஒரு மாலை நேரப் படிப்பு நிலையம் நடத்தி வருகிறேன். இலவசம்தான். இப்போது 34 பிள்ளைகள் வருகிறார்கள். 1990 இல் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன். முதலில் அகதி முகாமில் மாலை வகுப்பு எடுத்தேன். பிறகு செங்கல் சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு தர்மப் பள்ளிக்கூடத்தில் வேலை. 2012 இல் ஊர் திரும்பினேன். இலவசக் கல்வி பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

விசுவமடுவில் பிறந்து ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தம்பி: நாங்கள் எட்டுப் பேர் காசு சேர்த்திருக்கிறோம். ஊரில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பள்ளிக்கூடம் கட்ட ஆசை. எங்கிருந்து தொடங்குவது ரீச்சர்?

கட்டிடத்திலிருந்து தொடங்காதீர்கள் தம்பி. இலங்கையில் 1945 இலிருந்து பள்ளிக்கூடப் படிப்பு இலவசம்; கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்தது. பாடப்புத்தகம் 1980 இலிருந்து இலவசம், சீருடைத் துணி 1993 இலிருந்து. வன்னியில் இன்றைக்கு ஒரு பிள்ளை படிக்காமல் நிற்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம் இல்லாததால் அல்ல. தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மாவுடன். மூன்று கட்டை தூரம் நடக்க வேண்டும், சைக்கிள் இல்லை. கச்சான் பிடுங்கும் காலத்தில் கூலிக்குப் போனால் அன்றைய கறிக்குக் காசு. ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாது, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கம். எல்லாம் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே இருக்கிற காரணங்கள். அந்தக் காசை அங்கே போடுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நான் வேலை செய்த பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர்கள் நல்ல மனிதர்கள். பெயர் வேண்டாம். மூன்று வகுப்பறை, ஒரு வேன், மதியச் சாப்பாடு, 110 பிள்ளைகள். முழுச் செலவையும் வெளிநாட்டில் இருந்த ஒரே குடும்பம் ஏற்றிருந்தது. 2007 இல் அவர்களால் முடியாமல் போயிற்று, நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் இழுத்தோம். ஐந்தாம் மாதம் பூட்டு. அங்கீகாரம் இல்லாத பள்ளிக்கூடம் என்றபடியால் நாங்கள் கொடுத்த சான்றிதழை யாரும் ஏற்கவில்லை. பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஏறி இறங்கி எழுபது பேரைச் சேர்த்தோம். மிச்சப் பிள்ளைகள் சூளைக்கே போய்விட்டார்கள். அடுத்த மாதம் அந்த வழியால் போனபோது ஈரக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை எழும்பி ஓடிவந்து, “டீச்சர், எப்ப திறப்பீங்க?” என்று கேட்டது. எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் இல்லை.

அதனால்தான் எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: பிள்ளையின் பெயர் அரசுப் பள்ளிக்கூடத்து இடாப்பில் இருக்க வேண்டும், காலையில் அங்கே போயிருக்க வேண்டும். நாளைக்கு எனக்கு ஏதும் நடந்து நிலையம் மூடினாலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: என் அக்கா இன்னும் திருச்சிப் பக்கம் இருக்கிறா. அங்கே நரிக்குறவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க உள்ளூர் நண்பர்களோடு கதைத்து வருகிறா. இந்தியச் சட்டம் எப்படி?

அங்கே கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 18 ஆம் பிரிவின்படி அங்கீகாரம் பெறாமல் பள்ளி தொடங்க முடியாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், தொடர்ந்து நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம். எங்கள் பழைய பள்ளிக்கூடம் மாதிரி ஒன்றை இன்று யாரும் நடத்தக் கூடாது, அது நல்லதுக்குத்தான்.

நண்பர்கள் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதியலாம். வரி விலக்குக்கு ஒன்று, நன்கொடை கொடுப்பவருக்குச் சலுகை கிடைக்க ஒன்று என்று இரண்டு பதிவு இருக்கிறது. கவனமாக இருக்க வேண்டியது வெளிநாட்டுக் காசில். எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் ஒரு சதமும் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் காசு புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிப் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும், அதில் 20 வீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்கு எடுக்க முடியாது. வவுனியாவிலிருந்து நீங்கள் ஆசையாக அனுப்புகிற காசும் அங்கே வெளிநாட்டுக் காசுதான், மறந்துவிடாதீர்கள்.

ஆனால் அதே சட்டம் நல்ல வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள்கூட முதல் வகுப்பில் கால்வாசி இடத்தை வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அக்காவிடம் சொல்லுங்கள்: பள்ளி வேண்டாம். இந்த வாசல்களுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, பின்னேரத்தில் பக்கத்தில் இருந்து படிப்பிக்கிற ஒரு நிலையம் போதும். தமிழ்நாட்டு அரசே 2021 இல் இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கியது கிட்டத்தட்ட இதைத்தான்.

துணுக்காயிலிருந்து: இடம் எப்படி வேண்டும்? மேசை கதிரை?

கோயில் மண்டபம், சனசமூக நிலையம், பெரிய மாமரம் எதுவும் சரி. பாய் போதும். தண்ணீரும், பெண் பிள்ளைகள் போகக்கூடிய பூட்டுப் போட்ட கழிப்பறையும் கட்டாயம். ஆறு மணிக்கு முன் பிள்ளைகள் வீட்டில் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் யானை இறங்கும் காலத்தில் ஐந்து மணிக்கே அனுப்பிவிடுவோம்.

மாங்குளத்திலிருந்து ஒரு இளம் ஆசிரியை: ஏழாம் வகுப்புப் பையன், அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் பாடத்தை நடத்துவதா, ‘அ’ சொல்லிக் கொடுப்பதா?

‘அ’ சொல்லிக் கொடுங்கள் பிள்ளை. ஆனால் முதலாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள், அதோடு வராமல் நின்றுவிடுவான்.

இதில் இந்தியாவில் கற்றுக்கொண்டது எனக்கு நிறைய உதவுகிறது. 1995 இல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற அமைப்பு, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக் குழு பிரிக்கும். 2005 இலிருந்து வருகிற அவர்களுடைய கணக்கெடுப்பில் வாசிப்புக்கு ஒரே ஒரு தாள்தான்: எழுத்து, சொல், சின்னப் பந்தி, கதை. பிள்ளையைத் தனியே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே மாதிரி ஒரு தாளை நான் எங்கள் ஊர்ச் சொற்களை வைத்து எழுதிக்கொண்டேன். குளம், மாடு, வரம்பு, உழவு இயந்திரம், முறிகண்டிக் கச்சான். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் அந்தத் தாள்தான். மூன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே பாயில் இருப்பார்கள். பெரிய பிள்ளைக்கு வெட்கம் வராமல் இருக்க, சின்னவர்களுக்குத் தண்ணீர் வார்ப்பது, மணி அடிப்பது என்று ஒரு பொறுப்புக் கொடுத்துவிடுவேன்.

247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். உயிரும் மெய்யும் பிடிபட்டால், பிறகு கொம்பு, கால், விசிறி என்று குறிகளை ஒவ்வொன்றாக ஏற்றலாம். தினம் நாற்பது நிமிடம், விடாமல். என்னிடம் வந்த ஒரு பையன் உழவு இயந்திரத்தின் எல்லாப் பாகமும் தெரிந்தவன், ‘ழ’ மட்டும் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல அந்தப் பாகங்களின் பெயரை நான் எழுதினேன், அதுதான் அவனுடைய முதல் வாசிப்புப் புத்தகம். ஐந்து மாதத்தில் கதை வாசித்தான்.

புதுக்குடியிருப்பிலிருந்து: சாப்பாடு கொடுக்கத்தான் வேண்டுமா? செலவு கையை மீறுகிறது.

கொடுக்கத்தான் வேண்டும். எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு போன பிள்ளை பின்னேரம் எழுத்துக் கூட்டாது. எழுபதுகளில் மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கு, டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் காந்தியம் அமைப்பை வைத்து வேலை செய்தபோது, பிள்ளைகளுக்கென்று செய்தது முன்பள்ளியும் பாலும். 1983 ஏப்ரலில் இருவரையும் கைது செய்தார்கள், யூலையில் வெலிக்கடைச் சிறையில் டொக்டரைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த ஒரு அம்மாதான் இன்றைக்கு எங்கள் நிலையத்தில் கஞ்சி காய்ச்சுகிறா.

அளவு சொல்கிறேன். முப்பது பிள்ளைக்கு அவித்த பயறோ கௌபியோ என்றால் காய்ந்த நிறையில் இரண்டு கிலோ, ஒரு தேங்காய். அடுத்த நாள் இலைக்கஞ்சி. கணக்கை ரூபாயில் வைக்காமல் கிலோவில் வையுங்கள். 2022 இல் விலை ஏறியபோது ரூபாயில் கணக்குப் பார்த்திருந்தால் நாங்கள் அன்றே நிறுத்தியிருப்போம். கிலோவில் பார்த்ததால் ஊரில் கேட்க முடிந்தது: இந்தப் போகத்தில் அரை மூட்டை நெல் தருவீர்களா அண்ணை, ஒரு மரத்து முருங்கை இலை தருவீர்களா அக்கா என்று. தந்தார்கள்.

கிளிநொச்சியிலிருந்து: படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா, தொண்டாகச் செய்வார்களா?

சிறிதாக இருந்தாலும் கொடுங்கள், மாதத்தின் ஒரே திகதியில். தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருந்து வீதியில் இருந்து போராடியதை வடக்கில் எல்லோரும் பார்த்தோம். ஏ.எல். முடித்து வீட்டில் நிற்கிற ஒரு பெண் பிள்ளையிடம் “சேவை” என்று சொல்லி இரண்டு வருடத்தை வாங்கிவிடுவது நியாயமில்லை. முகாம் மாலை வகுப்புகளிலும் முகாமிலேயே படித்த அக்காமாரும் அண்ணாமாரும்தான் படிப்பித்தார்கள். ஊர்ப் பிள்ளையே ஊர்ப் பிள்ளைக்குப் படிப்பிப்பது போல வேறொன்றும் இல்லை. எப்போதும் இரண்டு பேர் நிற்கட்டும். தனியே ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் பூட்டிய அறையில் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

அதே கேள்வியில்: பதிவு?

சின்னதாக என்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் நடத்துங்கள். தனி அமைப்பு என்றால் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிய 1980 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விப் பகுதியிலும் ஒரு தடவை போய்க் கதையுங்கள். பள்ளிக்கூடத்து அதிபருக்குத் தெரியாமல் எதுவும் தொடங்க வேண்டாம்.

பிரான்சிலிருந்து ஒரு அக்கா: நாங்கள் கொப்பியும் சப்பாத்தும் அனுப்பினோம். பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் கேட்டோம், தர மறுத்துவிட்டார்கள். காசு கொடுக்கிறவர்களுக்கு நம்பிக்கை வேண்டாமா?

அக்கா, நம்பிக்கை கட்டாயம் வேண்டும். படம் கேட்பது உங்கள் பிழை இல்லை, பல பேர் அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு நிமிடம் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். 2009 இல் சனம் முள்வேலிக்குப் பின்னால் தட்டோடு வரிசையில் நின்ற படங்களை உலகம் முழுக்கப் பார்த்தது. அப்படி நின்ற ஒரு தாயின் மகள் இன்று சப்பாத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் படம் யாரோ போட்டு, பள்ளிக்கூடத்தில் “உதவிச் சப்பாத்து” என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வெறுங்காலோடு வரத் தொடங்கினாள்.

நான் அனுப்புவது இவ்வளவுதான்: கடைப் பற்றுச்சீட்டு, வரவு இடாப்பின் எண்ணிக்கை, வாசிப்பில் எத்தனை பேர் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஊருக்கு வந்தால் எங்களோடு பாயில் இருந்து ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் உங்களை அப்படி ஞாபகம் வைத்திருக்கட்டும்.

செட்டிக்குளத்திலிருந்து: இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பிள்ளை தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் பிறந்தது. இங்கே சேர்க்க முடியவில்லை.

இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கான பிரஜாவுரிமைப் பதிவும் வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் செய்யாமல் வந்திருந்தால், இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் செய்யலாம். பிரதேச செயலகத்தில் வழி காட்டுவார்கள். ஆனால் அது முடியும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கிராம அலுவலரின் கடிதத்தோடு அதிபரிடம் போங்கள், அவர் தயங்கினால் வலயத்துக்குப் போங்கள்.

முல்லைத்தீவிலிருந்து, பெயர் வேண்டாம் என்றவர்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. தாய் வெளிநாட்டில். இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, கலியாணம் பேசுகிறார்கள். நான் யார் கேட்பதற்கு?

நீங்கள்தான் கேட்க வேண்டும், கண்டவர் நீங்கள். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம், பதினெட்டுக்கு முன் கலியாணம் பொதுத் திருமணச் சட்டப்படி செல்லாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பயமாக இருந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.

அதற்கு முன் இன்றைக்கே பிள்ளையின் அம்மம்மாவோடு போய் இருந்து கதையுங்கள். சண்டை பிடிக்காதீர்கள். அனேகமாக அந்த மனுசிக்குப் பயம்தான்: தாய் இல்லாத பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்று. பின்னேரம் பிள்ளை நிற்க ஒரு இடம் இருக்கிறது, இரண்டு ரீச்சர்மார் பார்த்துக்கொள்வார்கள், வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள் என்று சொல்லிப் பாருங்கள். சனிக்கிழமை நான் முல்லைத்தீவுக்கு வருகிறேன். வீட்டைக் காட்டுங்கள், நானும் வந்து கதைக்கிறேன்.