"பேசி முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்களே, சரியா?

கேள்வி: எங்கள் ஊர்க் காலனிப் பையன் ஒருவன் எங்கள் தெரு வழியாக பைக்கில் போனான் என்று, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள். கை முறிந்துவிட்டது. நான் டீக்கடையில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன். நானும் அடித்தவர்களின் சாதிதான். புகார் கொடுத்து மனு ரசீதும் வாங்கிவிட்டார்கள். இப்போது ஊர்ப் பெரியவர்கள், "வைத்தியச் செலவைக் கொடுத்துவிடுகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். பி.சி.ஆர். கேஸ், அதாவது வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு, போட்டால் ஊர் இரண்டாகிவிடும். அந்தச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சமாதானமாகப் போவதுதானே இரு தரப்புக்கும் நல்லது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஒருவன் பைக்கில் போகக் கூடாத தெரு இருக்கும் ஊர் ஏற்கெனவே இரண்டாகத்தான் கிடக்கிறது. அதை அந்தப் பையனின் புகார் பிரித்துவிடப் போவதில்லை. ஊர் அமைதி என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதற்காக விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரிடம் கேட்கிறார்கள்? கை முறிந்தவனிடம். அடித்தவர்களை ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடையச் சொல்லி ஒரு பெரியவராவது பேசினாரா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

முதலில் அந்த மனு ரசீதைப் பற்றி. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பு கிடையாது. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. ரசீதைக் கையில் கொடுத்து, "விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவைக்கும் அந்த இடைவெளியில்தான் சமாதானப் பேச்சு முழுக்க நடக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஓர் அதிகாரி இந்தக் கடமைகளை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால், 4ஆம் பிரிவின்படி அவருக்கே 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை உண்டு. இன்ஸ்பெக்டர் மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலாக அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். அப்புறம், அரசு மருத்துவமனையில் அனுமதித்தபோது விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். "கீழே விழுந்துவிட்டான்" என்று எழுதியிருந்தால் பின்னால் கோர்ட்டில் அந்த ஒரு வரி வழக்கையே சாய்த்துவிடும்.

தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை நம்பித்தான் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்விசாரணை, கைதுக்கு முன்அனுமதி என்றெல்லாம் நிபந்தனை போட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைக் கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே அந்த நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றும் சொல்லிவிட்டது. பொய்ப் புகார் எந்தச் சட்டத்திலும் வரலாம். ஆனால் இங்கே வழக்குகள் தோற்றுப்போவதற்குப் பெரிய காரணம், புகார் கொடுத்த குடும்பம் தனியாக நிற்பதும் பார்த்தவர்கள் கூண்டில் ஏறி "நான் பார்க்கவில்லை" என்பதும்தான். அப்படிச் சாட்சிகள் பிறழ்ந்து விடுதலையான வழக்கைக் காட்டியே "பார்த்தாயா, பொய்க் கேஸ்" என்கிறார்கள்.

2015இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட, பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். முக்கியச் சாட்சியே நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு இருந்தது. அதற்கும் மேலாக, விடாமல் நின்ற ஒரு தாய் இருந்தார். அவர் போராடித்தான் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கிட்டத்தட்ட 7 வருடம். எல்லாத் தாயாலும் அப்படி நிற்க முடியாது. அவரும் அவ்வளவு தனியாக நின்றிருக்கக் கூடாது.

அதனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, "கண்ணால் பார்த்தேன்" என்ற வரிதான். நீங்கள் சாட்சி. அதுவும் அடித்தவர்களின் சாதியைச் சேர்ந்த சாட்சி. உங்கள் வாக்குமூலத்தை ஒதுக்கித் தள்ளுவது எந்த வக்கீலுக்கும் சுலபமாக இருக்காது. வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. அவரிடம் போய்ப் பார்த்ததைச் சொல்லுங்கள். பின்னால் ஊர் நெருக்கும் என்று பயமிருந்தால், நீதித்துறை நடுவர் முன்பு வாக்குமூலம் பதிய ஏற்பாடு செய்யக் கேளுங்கள். 15ஏ பிரிவு தரும் பாதுகாப்பும் பயணப்படியும் சாட்சிக்கும் சேர்த்துத்தான். பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். நீங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையும் உங்கள் சொந்தபந்தமும் அந்தத் தெருவில்தானே இருக்கின்றன. ஆனால் அந்தப் பையனின் வீட்டுக்கு வரப்போவதோடு ஒப்பிட்டால் உங்கள் கஷ்டம் சிறியது.

அவர்களுக்கு என்ன வரும் என்றும் சொல்கிறேன். அண்ணாச்சி கடையில் கடன் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். களையெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். அவர்கள் வீட்டு மாட்டின் பாலை வாங்க மாட்டார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் தனிக் குற்றம். என்றைக்கு, யார், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் பாலை நீங்கள் வாங்குங்கள். உங்கள் வயலுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தரவும், அவர் தரப்பைக் கேட்கவும் நீதிமன்றம் கடமைப்பட்டது. அன்றைக்குக் கூடவே போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்க முடியாது.

வைத்தியச் செலவு என்று பெரியவர்கள் நீட்டும் பணம் வேறு, அரசு தரும் நிவாரணம் வேறு. நிவாரணம் குற்றத்தின் தன்மையைப் பொறுத்தது. 2021இல் தமிழ்நாடு அரசு அதை 1 லட்சம் முதல் 12 லட்சம் ரூபாய் வரை என உயர்த்தியது. தவணை தவணையாகத்தான் தருவார்கள், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பேச்சே எழாது. "காசுக்காகக் கேஸ் போட்டான்" என்று நாளைக்கு டீக்கடையில் யாராவது சொன்னால், அது சட்டப்படி சேர வேண்டிய பணம் என்று அங்கேயே பதில் சொல்லுங்கள். பெரியவர்கள் கொண்டுவரும் எந்தத் தாளிலும் அந்தக் குடும்பம் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மனு ரசீதின் எண்ணையும் தேதியையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே அவர்களோடு டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, எந்தெந்தப் பிரிவில் போட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.