இணைய வகுப்பில் தினமும் அறிவிப்பு போட்டும் மாணவர்கள் கெடுவைக் கேட்கிறார்கள் என்றால்

அன்றைய வேலையையும் கெடுவையும் முதல் வரியிலேயே போடுங்கள். வாழ்த்து, படம், கதை எல்லாம் அப்புறம். நீங்கள் காட்டிய அறிவிப்பு மாதிரியில், கிரேக்கப் புராணத்துப் பெர்செபோனி பாதாளத்தில் மாதுளை விதை தின்ற கதை ஐந்து வரி ஓடுகிறது. "மறுகதை அனுப்ப இன்றே கடைசி" என்பது (மறுகதை என்றால் ஒரு கதையைத் தங்கள் நடையில் திருப்பி எழுதுவது) ஆறாவது வரியில்தான் வருகிறது. கைபேசி முன்னோட்டம் பெரும்பாலும் ஓரிரு வரியோடு நின்றுவிடும். மாதுளையைப் பார்த்துவிட்டு, பிறகு படிக்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள்.

நாளைய அறிவிப்பை முதலில் உங்களுக்கே அனுப்பி, திறக்காமல், பூட்டிய திரையில் மட்டும் பாருங்கள். என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பது அங்கேயே தெரிந்தால் சரி.

"வெள்ளி இரவு 12 மணி" என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளி தொடங்கும் 12-ஆ, முடியும் 12-ஆ என்று குழம்புவார்கள். "வெள்ளி இரவு 11:59" என்றால் சந்தேகமே வராது. வேறு நாட்டு மாணவர்கள் இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு விஷயம் கவனம்: போட்டதைத் திருத்தினால் பல தளங்களில் மாணவர்களுக்கு மறுபடி தகவல் போகாது. கெடு மாறினால் புதிதாகவே போடுங்கள். கதைத் துணுக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கீழே இருக்கட்டும். அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்.