ஒரே வாசகத்தில் 2,140 மெயில்: விளம்பரத்தை நிறுத்தலாமா?

கேள்வி: சார்லட் பக்கம் ஒரு நடுத்தர உணவுப்பொருள் கம்பெனியில் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேபிள் சேனல் ஒன்றில் முஸ்லிம் குடும்பத்தின் சமையல் நிகழ்ச்சி வருகிறது. அதன் இடைவேளையில் எங்கள் விளம்பரம் ஓடியதாம். கிறிஸ்தவக் குடும்ப நெறிகளைக் காப்பதாகச் சொல்லும் ஓர் அமைப்பு, இதற்கு விளம்பரம் தரும் கம்பெனிகள் என்று போட்ட பட்டியலில் எங்கள் பெயரையும் போட்டுவிட்டது. மூன்றே நாளில் 2,140 மெயில், எல்லாம் ஒரே வாசகம். மேலாளர், "பேசாமல் எடுத்துவிடலாம்" என்கிறார். நானும் கிறிஸ்தவள்தான். எங்கள் தமிழ்ச் சபையில் ஓர் அங்கிள் அந்த மெயிலை அனுப்பும் ஃபாரத்தை வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பி, பெயர் போடச் சொல்கிறார். ஆபீசில் என்ன சொல்வது, சபையில் என்ன சொல்வது?
ஜெ.ர., வட கரோலினா

பதில்: விளம்பரத்தை எடுத்துவிடலாம், அது உங்கள் கம்பெனி இஷ்டம். ஆனால் 'பேசாமல்' எடுக்க முடியாது. நீங்கள் வாயை மூடிக்கொண்டாலும் அந்த அமைப்பு பேசும். மறுநாளே உங்கள் பெயர் அவர்களுடைய வெற்றிப் பட்டியலில் ஏறிவிடும். இதில் வீட்டுச் சாமான் கடை நிறுவனமான லோவ்ஸ் பட்ட பாடு உங்கள் மேலாளருக்கு நினைவிருக்கலாம். அதன் தலைமையகம் உங்களுக்குப் பக்கத்து ஊரான மூர்ஸ்வில்தானே.

2011 நவம்பர் 13 அன்று டிஎல்சி சேனலில் 'ஆல்-அமெரிக்கன் முஸ்லிம்' என்ற ரியாலிட்டி தொடர் ஆரம்பமானது. மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் வாழும் ஐந்து லெபனான் வம்சாவளிக் குடும்பங்களின் கதை. ஷெரீஃப் அலுவலக அதிகாரி ஒருவர், பள்ளி ஃபுட்பால் கோச் ஒருவர், மாசமாக இருக்கும் ஒரு பெண், கல்யாணத்துக்காக மதம் மாறும் ஐரிஷ் வழி மாப்பிள்ளை ஒருவர் என்று போகும். தாம்பாவில் 1987-இல் தொடங்கிய ஃப்ளோரிடா ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பு அதை எதிர்த்துக் கிளம்பியது. தொடரில் காட்டிய இன்ன காட்சி பொய் என்பது அதன் புகார் இல்லை. சாதாரண முஸ்லிம்களை மட்டும் காட்டி, 'இஸ்லாமியத் திட்டத்தின்' ஆபத்தை மறைக்கிறார்கள் என்பதுதான் புகார். போலீஸ்காரர் போலீஸ்காரராக இருப்பதே பிரச்சாரம் என்றால், எந்தக் காட்சியை வெட்டி அவர்களைத் திருப்திப்படுத்துவது? உங்களுக்கு வந்த மெயிலையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். குறிப்பிட்ட எபிசோடையோ வசனத்தையோ அது சுட்டுகிறதா என்று பாருங்கள். சுட்டவில்லை என்றால் அவர்கள் ஆட்சேபிப்பது நிகழ்ச்சியை இல்லை, அதில் வரும் ஆட்களை. மேலாளரிடம் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

டேவிட் கேட்டன் என்பவர் நடத்திய அந்த அமைப்பை, ஏறக்குறைய ஓர் ஆள் நடத்தும் போர் என்றே நியூயார்க் டைம்ஸ் அப்போது எழுதியது. ஓர் ஆள்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. இந்த வேலைக்குக் கூட்டம் தேவைப்படுவதில்லை. விளம்பரம் ஓடிய கம்பெனிகளின் பட்டியல், அங்குள்ள அதிகாரிகளின் மெயில் முகவரிகள், முன்கூட்டியே எழுதி வைத்த கடிதம், ஒரு பட்டன், இவ்வளவு போதும். மாற வேண்டியது இலக்கு மட்டும்தான். டிஸ்னியில் நடந்த ஓரினச்சேர்க்கையாளர்களின் 'கே டேஸ்' கொண்டாட்டத்தை எதிர்த்து விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டதும், 2013-இல் அல் ஜஸீரா அமெரிக்கா என்ற செய்திச் சேனல் தொடங்கியபோது அதன் விளம்பரதாரர்களைத் துரத்தியதும் இதே அமைப்புதான்.

லோவ்ஸ் நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியது. பிறகு டிசம்பர் 10 அன்று, ஒரு சனிக்கிழமை, ஃபேஸ்புக்கில் விளக்கம் போட்டது. இந்தத் தொடர் பலருடைய கடுமையான அரசியல், சமூகக் கருத்துகளை ஈர்க்கும் இடிதாங்கி ஆகிவிட்டது, அதனால் விளம்பரத்தை எடுத்தோம் என்பது அதன் சாரம். அந்த 'அதனால்' ஒன்று போதுமானதாக இருந்தது. விளம்பரத்தை எடுத்த காரணம் எதிர்ப்புதான் என்று கம்பெனியே தன் வாயால் சொன்னதாகிவிட்டது. பதிவின் கீழே 20,000-க்கு மேல் கமென்ட்கள் குவிந்தன. அதில் முஸ்லிம்களைக் கேவலமாகத் திட்டியவை ஏராளம். சில நாள் விட்டுவைத்துப் பார்த்துவிட்டு மொத்தமாக நீக்கினார்கள். அன்றைய கலிஃபோர்னியா மாநில செனட்டர் டெட் லியூ, இது அமெரிக்கத்தன்மைக்கே விரோதம் என்றார். டிசம்பர் 17 அன்று டியர்பார்னுக்குப் பக்கத்து ஊரான ஆலன் பார்க்கில் லோவ்ஸ் கடை வாசலில் மறியல் நடந்தது. சார்லட் பகுதிப் பாதிரிமார்களும் இமாமும் சேர்ந்து சுமார் 2 லட்சம் கையெழுத்தை மூர்ஸ்வில் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கம்பெனி முடிவை மாற்றவில்லை. ஒரு கேபிள் தொடரின் சில ஸ்பாட்களுக்காக, அதாவது சில விளம்பர இடங்களுக்காக, இத்தனையும்.

உங்களுக்கு நேரடியாக உதவும் இன்னொரு விஷயமும் அப்போது நடந்தது. 67 கம்பெனிகளுக்கு எழுதினோம், 65 விலகிவிட்டன என்று அந்த அமைப்பு மார்தட்டியது. பட்டியலில் இருந்த பலரிடம் நிருபர்கள் கேட்டபோது, அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அந்தத் தொடருக்கென்று தாங்கள் ஸ்பாட் வாங்கவே இல்லை, தெரியாமல் ஒன்று ஓடிவிட்டது என்றது லோவ்ஸின் போட்டியாளரான ஹோம் டிப்போ. கேபிளில் நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் ரொட்டேஷன் அடிப்படையில் நேரம் வாங்கினால் விளம்பரம் இந்த வாரம் ஒரு நிகழ்ச்சியில் வரும், அடுத்த வாரம் வேறொன்றில் வரும். வராத வாரத்தையெல்லாம் 'விலகிவிட்டார்கள்' என்று எழுதிக்கொள்ளலாம். எண்ணிக்கை ஏறுவதற்கு யாரும் விலகத் தேவையே இல்லை.

ஆகவே மேலாளர் எந்த முடிவுக்கும் போவதற்கு முன் இரண்டு கணக்கு பாருங்கள்.

முதலில் மெயில். 2,140-ஐயும் எக்ஸெல்லில் இறக்குங்கள். அனுப்பியவர், நேரம், தலைப்பு, யாருக்கு வந்தது, மெயிலின் உள்ளே எத்தனை எழுத்து என்று ஐந்து நெடுவரிசை போதும். இந்த ஃபாரங்கள் பொதுவாக ஒரே அழுத்தில் பல அதிகாரிகளுக்குப் போகும். உங்கள் ஆபீசில் நான்கு பேருக்கு வந்திருந்தால், 2,140 என்பது உண்மையில் 535 ஆட்கள். பிறகு எழுத்து எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துங்கள். தொடாமல் அப்படியே வந்தவை ஒரே நீளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சொந்தமாக ஒரு வரியாவது சேர்த்தவர்கள் தனியாகத் தெரிவார்கள். அந்தச் சிலரையும், உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கும் முகவரிகளையும் வேறொரு தாளில் எடுத்து வையுங்கள். ஐடி ஆட்கள் இந்தத் தலைப்பில் வரும் மெயிலையெல்லாம் ஸ்பேமில் தள்ள விதி போடுவார்கள், விடாதீர்கள். கெட்டுப்போன பாக்கெட் பற்றிப் புகார் எழுதியவரின் மெயிலும் அதோடு போய்விடும். தனி ஃபோல்டருக்குத் திருப்பினால் போதும். ஆட்டோ-ரிப்ளை வேண்டவே வேண்டாம். 'உங்கள் கருத்தைப் பரிசீலிக்கிறோம்' என்று எழுதினால், பரிசீலிக்கிறார்களாம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள்.

இரண்டாவது, ஸ்பாட். உங்களுக்காக விளம்பர நேரம் வாங்கும் பையிங் ஏஜென்சியிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: அந்த நிகழ்ச்சிக்கென்று வாங்கினோமா, ரொட்டேஷனில் விழுந்ததா; எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஓடியது; இன்னும் எத்தனை பாக்கி, எப்போது முடிகிறது. இன்வாய்ஸோடு வரும் ஓடிய நேரப் பட்டியலில் இதெல்லாம் இருக்கும். நம் விளம்பரம் வரக்கூடாத நிகழ்ச்சிகள் என்று ஏஜென்சி வைத்திருக்கும் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். போன வருஷம் யாரோ அவசரத்தில் போட்ட பெயர்கள் அதில் கிடக்கும். இப்போது இந்த நிகழ்ச்சியைச் சத்தமில்லாமல் அதில் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி. ஆனால் சேர்க்கச் சொல்லி நீங்கள் அனுப்பும் மெயில் ஏஜென்சியில் பத்துப் பேர் கண்ணில் படும், என்றாவது வெளியே வரும்.

நிகழ்ச்சியே உங்கள் சரக்குக்கு ஒத்துவரவில்லை, பார்வையாளர் குறைவு, விலை கட்டவில்லை என்றால் நிறுத்துவது நியாயமான வியாபாரம்தான். டியர்பார்ன் தொடரே முதல் எபிசோடுக்கு 17 லட்சம் பேர் பார்த்து, பிறகு 10 லட்சத்துக்குக் கீழே இறங்கி, எட்டு எபிசோடோடு 2012 மார்ச்சில் ரத்தானது. ஆனால் அந்தக் காரணம் மெயில் வருவதற்கு முந்தைய தேதியில் உங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். பயணத் தளமான கயாக் இதில்தான் மாட்டிக்கொண்டது. விளம்பரத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். விமர்சனம் எழுந்ததும் அவர்களுடைய மார்க்கெட்டிங் அதிகாரி, இது மதவெறி இல்லை, டிஎல்சி எங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை, போதாக்குறைக்குத் தொடரும் படு மோசம் என்று எழுதினார். நிஜமாகவே அப்படி நினைத்திருக்கலாம். யாரும் நம்பவில்லை, ஏனென்றால் மெயில்கள் வந்த பிறகு சொன்னார். உங்களிடம் மெயிலுக்கு முன்பே எழுதிவைத்த காரணம் இல்லையா? வாங்கிய ஸ்பாட் முடியும்வரை ஓடட்டும்.

பத்திரிகையிலிருந்து கேட்டால் இரண்டு வரி போதும்: "எங்கள் விளம்பரங்கள் பல சேனல்களில் பல நிகழ்ச்சிகளில் வருகின்றன. நிகழ்ச்சியில் வருபவர்களின் மதத்தைப் பார்த்து நாங்கள் நேரம் வாங்குவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை." இதற்குமேல் 'இரு தரப்பு உணர்வுகளையும் மதிக்கிறோம்' என்று நீட்ட வேண்டாம், அது இன்னொரு இடிதாங்கி. ஃபேஸ்புக்கில் நீங்களாகப் பதிவு போட வேண்டாம். கமென்ட் வந்தால், வசைச்சொல் உள்ளவற்றை மறைப்போம் என்ற விதியை முதலில் பொதுவில் எழுதிவிட்டு மறையுங்கள். சனி, ஞாயிறு யார் பார்ப்பது என்பதையும் வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள்.

சட்டப்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தைத்தான், தனியார் விளம்பரதாரரை இல்லை. அந்த அமைப்பு புறக்கணிப்புக்கு அழைப்பதும் உரிமைதான், 1982-இலேயே உச்ச நீதிமன்றம் அரசியல் புறக்கணிப்பைப் பாதுகாக்கப்பட்ட பேச்சு என்று சொல்லிவிட்டது. கவனம் வேண்டியது ஆபீசுக்குள் எழுதும் மெயிலில். "இனி முஸ்லிம் முகமே வேண்டாம்" என்று மேலாளர் எங்காவது தட்டிவிட்டால், நாளை உங்கள் கம்பெனியில் ஒரு முஸ்லிம் ஊழியர் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் வழக்குப் போடும்போது முதல் ஆவணம் அதுதான்.

சபை விஷயத்துக்கு வருவோம். குரூப்பில் எல்லோர் முன்னாலும் அங்கிளை மறுத்துப் பேச வேண்டாம், ஆராதனை முடிந்து காப்பிக்கு நிற்கும்போது தனியாகப் பேசுங்கள். "அங்கிள், நீங்க ஒரு எபிசோடாவது பார்த்தீங்களா? இந்த லெட்டர்ல உங்க பேர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க" என்று கேட்டால் போதும். பார்க்காத நிகழ்ச்சியைப் பற்றி யாரோ எழுதிய குற்றச்சாட்டைத் தன் பெயரில் அனுப்புவது எதில் சேர்த்தி என்று பத்துக் கட்டளை படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. விசுவாசத்தில் குறைவு என்று உங்களை யாராவது சொன்னால், 2011-இல் மூர்ஸ்வில்லுக்கு அந்தக் கையெழுத்துகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் உங்கள் ஊர்ப் போதகர்களும் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கம்பெனியில் நீங்கள் வேலை செய்வது அங்கிளுக்குத் தெரிந்தால், ஆபீசில் என்ன முடிவாயிற்று என்று நூல் விட்டுப் பார்ப்பார். அதை மட்டும் சொல்லாதீர்கள், குரூப்பில் போய்விடும்.

தனித்தாளில் எடுத்து வைத்தீர்களே, சொந்தமாக ஒரு வரி சேர்த்து எழுதியவர்கள், அவர்களுக்கு மட்டும் வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஃபோன் போகட்டும். மெயிலில் பதில் வேண்டாம். அந்த இரண்டு வரியையே சொல்லிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வைத்துவிடச் சொல்லுங்கள்.