கொயர் மாஸ்டரா, வாய்ஸ் டீச்சரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் பொண்ணு சின்ன வயசுல இருந்து சர்ச் கொயர்ல ஆல்டோ, அதாவது பொண்ணுங்க குரல்ல கீழ் குரல், பாடுறா. அமெரிக்கா போய் படிச்சு யுனிவர்சிட்டில கொயர் கண்டக்டர் ஆகணுங்கறா. அது முழுநேர வேலையா? – ஒரு அம்மா, நாகர்கோவில்

பதில்: முழுநேர வேலைதாம்மா, நாள் பத்தாத வேலைன்னே சொல்லலாம். அங்க ஆடிஷன் வச்சு ஆள் எடுக்குற கொயர் ஒண்ணு, யார் வேணா சேரலாங்கற கொயர் ஒண்ணுன்னு பல இடத்துல ரெண்டு மூணு ஓடும், சின்ன காலேஜ்னா அத நடத்துறவரே பசங்களுக்கு வாராவாரம் தனித்தனியா வாய்ஸ் லெசன் எடுக்கணும், கண்டக்டிங் கிளாஸும் அவர் தலையிலதான், டூர் போனா பஸ் ஏற்பாடு வரைக்கும் அவரே பாக்கணும். படிப்பும் நீளம். டிகிரி 4 வருஷம், மாஸ்டர்ஸ் 2 வருஷம், நிரந்தர வேலைக்கு பெரும்பாலும் டி.எம்.ஏ.ன்னு டாக்டரேட்டும் கேப்பாங்க. நிரந்தர போஸ்ட் கம்மி, பார்ட் டைமா காலேஜ்ல சொல்லிக்கொடுத்துட்டு ஞாயித்துக்கிழமை சர்ச் கொயர் சம்பளத்தையும் சேத்து குடும்பம் நடத்துறவங்க நிறைய பேர். கடன் வாங்கி அனுப்புறதுக்கு முன்னாடி இத பொண்ணுகிட்ட உக்காந்து பேசிடுங்க.

கேள்வி: அக்கா, நான் டெக்சஸ்ல வாய்ஸ் படிக்கிறேன். லெசன்ல குரல முழுசா திறந்து பாடுன்னு சொல்றாங்க, கொயர்ல உன் குரல் மட்டும் தனியா கேக்குது, அடக்குன்னு சொல்றாங்க. யார் பேச்ச கேக்குறது? – ஒரு மாணவர்

பதில்: தம்பி, இது நூறு வருஷமா நடக்குற வாக்குவாதம். நார்வேல பிறந்த மெலியஸ் கிறிஸ்டியன்சன் மினசோட்டாவுல செயின்ட் ஓலாஃப் காலேஜ் கொயர 1912ல ஆரம்பிச்சாரு, அவருக்கு வைப்ரேட்டோ, அதாவது குரல்ல வர்ற அதிர்வு, ரொம்ப கம்மியா, அத்தன பேரும் ஒரே குரலா கேக்கணும். ஒஹையோவுல டேட்டன் ஊர் சர்ச்ல 1920ல வெஸ்ட்மின்ஸ்டர் கொயர தொடங்கின ஜான் ஃபின்லி வில்லியம்சன் நேர் எதிர், கொயர்ல நிக்குற ஒவ்வொருத்தரும் தனியா பாடுற அளவுக்கு வாய்ஸ் பயிற்சி எடுக்கணும்னாரு, 1926ல அதுக்குன்னே கொயர் ஸ்கூலும் திறந்தாரு.

இதுல காது மட்டும் இல்ல, அறிவியலும் இருக்கு. பயிற்சி எடுத்த ஆபரா பாடகர் குரல்ல, முக்கியமா ஆண் குரல்ல, 3000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3000 அதிர்வு) பக்கம் ஒரு தனி பலம் வரும், ஆர்கெஸ்ட்ரா சத்தத்துக்கு அந்த இடத்துல வலு கம்மி, அதனாலதான் மைக் இல்லாம கடைசி வரிசைக்கு குரல் போய் சேருது. கொயர்ல அதே பலம்தான் துருத்திக்கிட்டு நிக்கும். ஸ்வீடன்ல குரல் ஆராய்ச்சி பண்ற யோஹான் சுந்த்பெரியும் கூட இருந்தவங்களும் ஒரே ஆட்கள தனியாவும் கொயர் மாதிரியும் பாட வச்சு அளந்து பாத்தப்ப, கொயர்ல பாடும்போது அவங்க அந்த பகுதிய தாங்களே குறைச்சிக்கிட்டது தெரிஞ்சுது. அப்ப ரெண்டு விதமாவும் பாட ஒரே தொண்டையால முடியும், தொண்டைய இறுக்கித்தான் அடக்கணும்னு இல்ல.

எனக்கு இந்த விஷயத்துல பெரிய மரியாதை வெஸ்டன் நோபிள் மேல. ஐயோவா மாநிலத்துல டெக்கோரா ஊர்ல இருக்குற லூதர் காலேஜ்ல 1948ல இருந்து 2005 வரைக்கும், 57 வருஷம் ஒரே இடம், அங்க நார்டிக் கொயர நடத்தினாரு, பல வருஷம் காலேஜ் பேண்டையும் சேத்து பாத்துக்கிட்டாரு. 2016ல 94 வயசுல இறந்தாரு. ஒருத்தர் குரல் துருத்துச்சுன்னா அவர உடனே அடக்க மாட்டாரு, பக்கத்துல நிக்குற ஆள மாத்துவாரு. ஒரே வரிய ரெண்டு பேர பாட வச்சு கேப்பாரு, இடது வலது மாத்தி நிக்க வச்சு மறுபடி கேப்பாரு, பொருந்தினா மூணாவது ஆள சேப்பாரு, இப்படியே வரிசை முழுக்க கட்டுவாரு. அதே ஆட்கள், அதே குரல், நிக்குற இடம் மட்டும் மாறும், சத்தம் வேற ஆயிடும், கேட்டவங்களுக்கு நம்பவே முடியாது. வாய்ஸ் சொல்லிக்கொடுக்குறவரோட காதும் கொயர் நடத்துறவரோட காதும் ஒரே ஆள்கிட்ட இருந்தாதான் இந்த பொறுமை வரும்னு நான் நினைக்கிறேன்.

அதனால உன் கண்டக்டர்கிட்ட ரிகர்சலுக்கு அப்புறம் போய், இடம் மாத்தி நின்னு பாக்கலாமா சார்னு கேளு. அடக்கிப் பாடச் சொன்னா மூச்சோட பலத்த குறைச்சிடாத, சத்தத்த மட்டும் குறை, வவல், அதாவது ஆ, ஈ மாதிரி உயிரெழுத்து ஒலி, பக்கத்து ஆளோடத மாதிரியே இருக்கட்டும். பாடி முடிச்சதும் தொண்டை கரகரன்னு இருந்தா அத ரெண்டு டீச்சர்கிட்டயும் சொல்லணும், மறைச்சு வைக்காத.

கேள்வி: கண்டக்டர் நல்லா கை அசைச்சா போதாதா, பாடவும் தெரியணுமா? – ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தெரியணும், அது என் உறுதியான அபிப்பிராயம். முதல் ஸ்வரத்துக்கு முன்னாடி கை மேல போகுது பாருங்க, அதுதான் பாடுறவங்க மூச்சு எடுக்குற நேரம். அந்த நேரத்துல அவர் தோள தூக்கி இறுக்கமா நின்னா எதிர்ல நிக்குற நாப்பது பேரும் அப்படியே மேல் மூச்சு வாங்குவாங்க, சுருதி இறங்கும், அப்புறம் சுருதி சரியில்லன்னு மேல் குரல் பாடுற சோப்ரானோக்கள திட்டி பிரயோஜனம் இல்ல. கூட சேந்து மூச்சு எடுக்குறவர் கைல தாளமும் இருக்கும், மூச்சும் இருக்கும். உங்க ஊர் கொயர்ல அடுத்த ரிகர்சல்ல மாஸ்டரோட தோள கவனிங்க.