பங்க் றொக், ஒரு பிணம், ஒரு முதல் நாவல்

சென்ற இதழில், உப்புவெளித் தங்கை ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் முதல் நாவலின் தொடக்க அத்தியாயத்தைப் போட்டிருந்தோம். 1979ஆம் ஆண்டு, நியூயோர்க்கில் ஒரு சின்னக் கிளப், நாலு பேர் கொண்ட பங்க் இசைக்குழு. வாசித்து முடித்துச் சாமான் ஏற்றப் போனால் பின்கதவடியில் பாஸ் கிட்டார்காரன் செத்துக் கிடக்கிறான், வலது கைப் புறத்தில் கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அத்தியாயம் அவ்வளவுதான். கோணேசர் கோயில் திருவிழாக் கட்டுரைக்குக்கூட எங்களுக்கு இத்தனை கடிதம் வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை, முடிந்தவரை கதைப்போம்.

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: நம் ஊரில் இருந்துகொண்டு நியூயோர்க் கிளப்பைப் பற்றி எழுத இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? திருகோணமலையில் கதைக்கா பஞ்சம்?

பஞ்சமில்லை, ஐயா. ஆனால் நம் ஊர்க்காரர் நாவல் எழுதத் தொடங்கிய நாளிலேயே வெளியூர்க் கதையைத்தான் எழுதினார்கள். 1891இல் இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’, ஐரோப்பாவில் வழங்கிவந்த பழைய ராசகதை ஒன்றைத் தழுவியது. நாலு வருடம் கழித்து தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’யில் வருவது நாயக்கர் காலத்துத் தஞ்சையும் திருச்சியும். இரண்டு பேரும் திருகோணமலைக்காரர். மடத்தடியில் கதை இல்லையா என்று அன்றைக்கு யாராவது அவர்களை மறித்திருந்தால் இரண்டு புத்தகமும் வந்திருக்காது.

இன்னொன்று. பிரதியைக் கையில் எடுத்தபோது, பக்கத்துக்குப் பக்கம் முள்முள்ளாக நிறுத்திய தலைமயிரும் கன்னத்தில் குத்திய ஊசியும் வரப்போகிறது என்றுதான் பயந்தேன். வரவில்லை. ஆம்ப்ளிபயரை யார் தூக்குவது, வானுக்குப் பெற்றோல் காசு யார் போட்டது, வாசலில் எண்ணிய தலைக்கும் கிளப்காரன் கையில் வைத்த காசுக்கும் கணக்கு ஏன் உதைக்கிறது, இதைத்தான் எழுதியிருக்கிறார். திருவிழா மேடைக்குப் பின்னால் ஓர் இசைக்குழுவோடு விடியும்வரை நின்றவருக்கு இதெல்லாம் தெரியும், அதற்கு விசா வேண்டாம்.

நிலாவெளி வாசகி: பங்க் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. அது பாட்டா, சத்தமா?

இரண்டும்தான். எழுபதுகளில் றொக் இசை பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டது, ஒருவர் கிட்டாரில் தனியே பத்து நிமிடம் வித்தை காட்டுவார், சனம் வாயைப் பிளந்து பார்க்கும். அது பிடிக்காத பெடியன்கள், நியூயோர்க்கின் பௌரி வீதியில் 1973 டிசெம்பரில் திறந்த சிபிஜிபி என்ற சின்ன, அழுக்கான கிளப்பில் போய்க் கூடினார்கள். அங்கே வாசித்த ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கும் குறைவு, பதிவுச் செலவு சுமார் 6,400 டொலர். லண்டனில் அதே காலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ். 1976 டிசெம்பர் 1ஆம் திகதி மாலை, நேரடியாக ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தை பேசிவிட்டார்கள். மறுநாள் பத்திரிகை முழுக்க அவர்கள்தான். போட்டிருந்த கச்சேரிகளில் பெரும்பாலானவை ஊர் ஊராக ரத்தாகின.

நம்மிடம் தவில் பழகுவதென்றால் குருவின் வீட்டில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டும். 1977இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரசிகர்களின் கைப்பத்திரிகை ஒன்று, கிட்டாரில் விரல் வைக்கும் மூன்று இடங்களைப் படமாகக் கீறி, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனிப் போய்க் குழுவைத் தொடங்கு என்று போட்டது. பங்க் என்னவென்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அன்புவழிபுரம் வாசகர்: தமிழில் பங்க் உண்டா?

எழுபதுகளில் நமக்குப் பொப்பிசை இருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் சபையை எழுப்பி ஆடவைத்தார்கள், ஆனால் அது குதூகலம், கோபமல்ல. பங்க் நம்மவரிடம் வந்தது வேறு வழியால். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்டு உலகமெங்கும் ஒலித்த பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது, கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் துண்டு.

கிண்ணியா வாசகர்: நானா, கொலைக்குக் காரணம் போதைப்பொருள் என்று முதல் அத்தியாயத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சரிதானே?

கதையைப் போட்டுடைக்க மாட்டேன். ஆனால் தம்பி, போதை என்பது சோம்பேறி எழுத்தாளர் பிடிக்கும் காரணம், இந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. ஒரு குழுவுக்குள் கொலைவெறி வரப் போதுமான சின்னக் காரணங்கள் எத்தனையோ கிடக்கின்றன. குழுவின் பெயர் யாருடையது? பிரிந்து போகிறவன் அதே பெயரில் வேறு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வாசித்தால் என்ன செய்வது? அடுத்தது பாட்டு. றேடியோவில் பாட்டுப் போனால் வரும் உரிமைப் பணம், அதை இயற்றியவர் என்று பதிவானவருக்குத்தான் போகும். ஒத்திகை அறையில் நாலு பேரும் சேர்ந்து உருட்டிய பாட்டு, அது நிற்பதே பாஸ்காரன் போட்ட நாலு சுரத்தில், ஆனால் தட்டின் நடுவில் பாடகனின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது. முதல் வருடம் அது பகிடி, ஏனென்றால் பணமே வரவில்லை. பணம் வரத் தொடங்கிய அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகசக்தி கூடும்.

நான் பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் ஓர் இசைக்குழுவுக்கு வயர் சுருட்டப் போவேன், சம்பளம் சாப்பாடு. ஒரு திருவிழாவில் மிக்ஸர் வாடகையை யார் கட்டுவது என்று இரண்டு பேருக்குள் பிரச்சினை. இரவு ஒரு மணி, அடுத்த பாட்டு அறிவித்தாயிற்று, கீபோர்ட்காரர் மெதுவாகக் குனிந்து மின்வயரைக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடையில் நின்ற எங்களுக்கு அவர் முகமும் மற்றவர் முகமும் தெரிந்தது. தொகை 400 ரூபாய். அந்த நேரத்தில் அந்த இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் தனியே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அதனால்தான் இப்படியான இசைக்கூட்டம் குற்றக் கதைக்குப் பொருந்துகிறது. மொத்தம் நூறு, இருநூறு பேர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், யார் யாருடைய முன்னாள் காதலி, யார் யாரிடம் ட்ரம்ஸை இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது வரை. ஆனால் பொலிஸ் வந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பொலிஸுக்கோ எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டைக்காரர். ஆகவே துப்புத் துலக்குகிறவர் உள்ளே இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். கதையில் அது கச்சேரி விளம்பரம் போட்டோகொப்பி அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்யும் பெண். யார் எப்போது வந்து எத்தனை பிரதி எடுத்தார் என்பது அவளுக்குத் தெரியும். வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சீனக்குடாவிலிருந்து மின்வேலை செய்யும் வாசகர்: அடுத்த அத்தியாயத்தில் மைக்கில் கரண்ட் பாய்ந்து ஒருவரைக் கொல்லலாம். யோசனை எப்படி?

நடந்த விடயம்தான். 1972இல் வேல்ஸின் சுவான்சியில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் ஏர்த், அதாவது ஒழுகும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு, சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டார் கம்பி ஆம்ப்ளிபயரின் ஏர்த்தோடு சேர்ந்தது. இரைகிறது என்று யாரோ ஏர்த் வயரைக் கழற்றிவிட, உள்ளே மின்ஒழுக்கும் இருந்தால் கம்பிவரை கரண்ட் நிற்கும். மைக் வேறு லைனில் ஒழுங்காக ஏர்த் ஆகியிருக்கும். கை கம்பியில், உதடு மைக்கில், அவ்வளவுதான். மைக்கில் ஒழுக்கு இருந்தால் இதே சங்கதி மறுபக்கமாக. நாவல் நடக்கும் அமெரிக்காவில் 120 வோல்ட், நம்முடைய 230இல் பாதிதான், என்றாலும் அதுவும் கொல்லும்.

ஆனால் திட்டமிட்ட கொலை என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன். மாலையில் மைக் சோதிக்க வருகிற பெடியனே முதலில் தொட்டுவிடலாமே! விபத்தாக எழுதி, ஏர்த் வயரைக் கழற்றியது யார், கழற்றச் சொன்னது யார், அதை ஏன் இத்தனை பேர் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று கொண்டுபோனால் சரி, நல்ல நாவல் ஒன்று அதற்குள் இருக்கிறது. நீங்களே எழுதுங்களேன்.

மூதூர் வாசகர்: செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் பாஸ் வாசித்த சிட் விஷஸின் கதையைத்தானே இவர் மாற்றி எழுதுகிறார்?

இல்லை. 1978 ஒக்டோபர் 12ஆம் திகதி நியூயோர்க் செல்சி ஹோட்டலில் நான்சி ஸ்பங்கன் கத்திக்குத்துக் காயத்தோடு இறந்து கிடந்தார். கூடவிருந்த காதலர் சிட் விஷஸ் மீது கொலைக் குற்றம் சாட்டினார்கள், வழக்கு நடக்கும் முன் 1979 பெப்ரவரி 2ஆம் திகதி அவரும் அளவுமிஞ்சிய ஹெரோயினால் இறந்தார். தீர்ப்பு வராத வழக்கு. அவருக்கு 21 வயது, நான்சிக்கு 20. அதை எடுத்துக் கதை பண்ணாமல் விட்டதற்கே இந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய்: என் மகன் கறுப்புச் சட்டையோடு இந்தப் பாட்டுத்தான் கேட்கிறான். குடி, சிகரெட் என்று கெட்டுப்போவானா?

அக்கா, வாஷிங்டனில் மைனர் திரெட் என்று ஒரு பங்க் குழு இருந்தது. போதை வேண்டாம் என்று 1981இல் அவர்கள் பாடிய பாட்டைப் பிடித்துக்கொண்டு, குடியில்லை, புகையில்லை, போதையில்லை என்று ஓர் இயக்கமே கிளம்பி, இன்றும் இருக்கிறது. மகனிடம் அதன் பெயரை, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று ஆடிப்போவான்.

தம்பலகாமம் வாசகர்: இதை எந்தப் பதிப்பகம் போடும்?

இங்கிலாந்து, அமெரிக்காவில் முதல் குற்ற நாவலுக்கென்றே விருது வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவின் எட்கார் விருதில் அது 1946இலிருந்து வருகிறது. நமக்கு, வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கும் பெரியவரின் கடித உறைதான் விருது. மன்செஸ்டரில் பஸ்கொக்ஸ் என்ற பங்க் குழுவுக்கும் இசைத்தட்டுக் கம்பனி கிடைத்திருக்கவில்லை. நண்பர், வீட்டார் என்று 500 பவுண் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே 1,000 தட்டு அடித்து விற்றுத் தீர்த்தார்கள். அதைப் பெரிய புரட்சி என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். நகையை அடகு வைத்து 300 பிரதி அடித்து, மீதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நம் எழுத்தாளர்களுக்கு அது புதினமே இல்லை.

கடைசியாக, உப்புவெளித் தங்கையே எழுதியது: அண்ணா, முழுப் பிரதியும் வாசித்துவிட்டீர்களா? பிழை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒரு பெரிய பிழை இருக்கிறது, தங்கச்சி, அதுவும் முதல் பக்கத்திலேயே. செத்தவனின் கையில் இருக்கும் பெருக்கல் குறி. வயது வராதவர்களை உள்ளே விடும்போது, பாரில் மது கொடுத்துவிடாமலிருக்கக் கையில் போடும் அடையாளம் அது. ஆனால் பங்க் கூட்டத்துக்குள் அது பரவிய கதை 1980இல் தொடங்குகிறது. டீன் ஐடில்ஸ் என்ற வாஷிங்டன் பெடியன்கள் சான் பிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனபோது அங்கத்தைய கிளப்காரர் அவர்கள் கையில் அதைப் போட்டார்கள், பெடியன்கள் ஊர் திரும்பி, எங்களுக்கும் இப்படிப் போட்டு உள்ளே விடுங்கள் என்று தங்கள் ஊர்க் கிளப்பிடம் கேட்டார்கள். உங்கள் பிணம் கிடப்பது 1979, நியூயோர்க்.

குறியை எடுத்துவிடாதீர்கள், நாவலின் அருமையான துப்பே அதுதான். ஆண்டை 1981 ஆக்குங்கள், ஊரை வாஷிங்டன் ஆக்குங்கள். அப்போது சந்தேகப்படவேண்டிய பெடியன்கள் பாதிப்பேர் பள்ளிக்கூடம் போகிறவர்கள், பத்தரைக்கு வீட்டில் இல்லாவிட்டால் தாய் வாசலில் நிற்பாள். யார் எத்தனை மணிக்கு வீடு வந்தான் என்பதற்குத் தாய்மாரைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? கைத்தொலைபேசியும் இல்லாத காலம். வேலை கூடத்தான், மூன்றாம் அத்தியாயத்து ரயில் காட்சி முழுக்கப் போய்விடும், பரவாயில்லை, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

அப்புறம், 41ஆம் பக்கம் போட்டோகொப்பியில் பாதி கறுப்பாக விழுந்திருக்கிறது. கொப்பிக் கடைப் பெண் யாரையோ கண்டதாகச் சொல்லும் இடம். அதை மட்டும் திரும்ப அனுப்புங்கள், யாரைக் கண்டாள் என்று தெரியாமல் மிச்சத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.