கூரையை அல்ல, அடுப்பை எண்ணுங்கள்: புயலுக்குப் பிந்திய பண்டிகைப் பொதி – வாசகர் கேள்வி பதில்

இலங்கையின் வடக்கே வன்னியைப் புயல் தேடிவரும் காலம் கார்த்திகையும் மார்கழியும். 2020இல் புரெவி டிசம்பர் 2 இரவு கரையேறியது. 2025இல் டித்வா நவம்பர் 28. வெள்ளம் வடிந்து நான்கு கிழமை ஆகுமுன் நத்தார், ஏழு கிழமையில் பொங்கல். அந்த இடைவெளியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பண்டிகைச் சாமான் பொதி கொண்டுபோக நினைப்பவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் சனசமூக நிலையம் 120 குடும்பங்களுக்கு உதவ இருக்கிறது. விடியவே பொங்கி, பொதி கட்டி வீடு வீடாகக் கொடுப்பதா, உலர் சாமானாகக் கொடுப்பதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

உலர் சாமானாகவே கொடுங்கள். 120 பொதிக்கான பொங்கலை விடியற்காலை நான்கு மணிக்கு இறக்கினாலும், ஆறவைத்து, கட்டி, சேற்று வழியில் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரப் பத்து மணி தாண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு அவ்வளவு நேரம் தாங்காது. சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகா. லஞ்ச் சீற்றுக்குள் இளஞ்சூட்டில் கிடக்கும்போது பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட வைக்க முடியாதென்றால் சமைத்ததைக் கொடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. புயலுக்குப் பிறகு அந்தச் சனம் ஒரு மாதமாகப் பிறர் சமைத்த பார்சலைத்தான் சாப்பிட்டிருக்கும். பொங்கலன்றாவது தன் முற்றத்தில் தன் பானை பொங்க வேண்டும் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள்.

பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ இன்னும் தங்கியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கிடாரம் வைத்து அந்த இடத்திலேயே பொங்கி, அங்கேயே பரிமாறுங்கள். 100 பேருக்கு 8 கிலோ பச்சையரிசி, 2 கிலோ பயறு, 7 கிலோ சர்க்கரை, 15 தேங்காய் போதும். பெரிய கிடாரத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, அரிசி அவியுமுன் சர்க்கரையைக் கொட்டுவது. பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி விறைத்தே நிற்கும், அடி மட்டும் பிடிக்கும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு என்னென்ன, எவ்வளவு வைக்கவேண்டும்?
– வாசகி, கிளிநொச்சி

பச்சையரிசி இரண்டு சுண்டு, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ. சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது. வறுத்துக் கோது நீக்கிய பயறு அரைச் சுண்டு. கோதோடு கொடுத்தால் வறுக்கவும் உடைக்கவும் புடைக்கவும் அந்த வீட்டில் சட்டியும் சுளகும் இருக்கவேண்டும். வெள்ளம் போன வீட்டில் அவை இருக்குமென்று நம்பாதீர்கள். சர்க்கரை 450 கிராம், கஜு 50, பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை) 50, ஏலக்காய் ஐந்து. தேங்காய் இரண்டு. ஒன்று போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் புயலுக்குப் பிறகு வரும் தேங்காயில் அழுகலும் கொப்பரையும் கலந்திருக்கும், ஒன்று பழுதானால் பொங்கலே இல்லை.

உங்கள் கணக்கில் 100 குடும்பம் என்றால் 105க்கு வாங்குங்கள். அரிசி 53 கிலோ, பயறு 13, சர்க்கரை 48, கஜுவும் பிளம்ஸும் ஐந்தரைக் கிலோ வீதம், தேங்காய் 215. பயற்றைக் கோதோடு வாங்கி நீங்களே உடைப்பதானால் 16 கிலோ எடுங்கள். கஜுவைக் கை அளவில் போட்டால் முதல் இருபது பைக்கு அள்ளிப் போய்விடும், கடைசிப் பத்துக்கு ஆளுக்கு நாலு பருப்புத்தான். ஒரு முறை தராசில் 50 கிராம் நிறுத்து, அது எந்தக் கோப்பையில் எந்த மட்டத்துக்கு வருகிறதென்று கோடு கீறிக்கொண்டு அதையே எல்லாருக்கும் பாவியுங்கள்.

பொதி கட்டுவதில்தான் கூடுதலாகக் கெட்டுப்போகிறது. கற்பூரத்தையும் ஊதுபத்தியையும் அரிசியோடு ஒரே பையில் போட்டால் மறுநாள் அரிசி முழுக்கக் கற்பூர வாசம், கழுவினாலும் போகாது. சவர்க்காரமும் அப்படித்தான். இவற்றுக்குத் தனிப் பை. சர்க்கரை மார்கழி ஈரத்தை உறிஞ்சிக் கசியும். இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள், அதுவும் கொடுப்பதற்கு முதல்நாள் மட்டும். ஒரு கிழமைக்கு முன்பே கட்டி அடுக்கிவைத்தால் அடியில் இருப்பது எறும்புக்கு. தேங்காயைப் பைக்குள் போடவே கூடாது. குலுங்கும் வண்டியில் அது சர்க்கரைப் பையைக் கிழிக்கும், உடைந்தால் தேங்காய்த் தண்ணீர் அரிசியில் இறங்கும். சாக்கில் தனியே கொண்டுபோய்க் கையில் இரண்டாகக் கொடுங்கள். குடுமியோடு உள்ள காயாக, ஆட்டிப் பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்பதாக எடுங்கள். குடுமியைப் பிய்த்த காய் கண் வழியே நாலு நாளில் பழுதாகும்.

பானை அள்ளுண்ட வீடுகளை முன்கூட்டியே கேட்டுக் குறித்து, ஐந்து லீற்றராவது கொள்ளும் அலுமினியப் பானையும் அகப்பையும் சேருங்கள். பானை இல்லாத வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்து என்ன பயன்?

விறகெல்லாம் ஈரம். கிணற்றிலும் வெள்ளம் விழுந்துவிட்டது. இதற்கு நாங்கள் ஏதாவது செய்யலாமா?
– வாசகர், கண்டாவளை

செய்யத்தான் வேண்டும். சிரட்டை பத்துப் பன்னிரண்டு, காய்ந்த பொச்சு நாலைந்து ஒரு உரப்பையில் கட்டிக் கொடுத்தால் ஈரவிறகும் பிடித்துக்கொள்ளும். உரம் இருந்த பையைக் கழுவாமல் அரிசிக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள். தீப்பெட்டியைச் சிறு பொலித்தீனில் முடிச்சுப் போடுங்கள். நிலம் ஊறியிருந்தால் தகரத் துண்டு விரித்து அதன்மேல் மூன்று கல் வைக்கச் சொல்லுங்கள். ஈர மண் சூட்டைக் குடித்துவிடும். மண்ணெண்ணெய் கொடுப்பதானால் சாப்பாட்டுச் சாமானோடு ஒரே பெட்டியில் ஏற்றவேண்டாம்.

இந்த அளவுப் பொங்கலுக்குப் பாலும் நீருமாக மூன்று லீற்றர், அரிசி கழுவ இன்னும் கொஞ்சம். ஐந்து லீற்றர் கான் ஒன்று போதும். கிணற்றை இறைத்துக் குளோரின் இடும் வேலையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விடுங்கள். அளவு தெரியாமல் நீங்கள் கொட்டினால் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. சேற்றில் இறங்கி வேலை செய்யும் தொண்டர்கள் எலிக்காய்ச்சலுக்கான முற்காப்பு மாத்திரையையும் அவரிடமே கேட்கலாம்.

கிராம அலுவலரின் பட்டியல்படி கொடுத்தோம். ஆனாலும் "எங்களுக்கு ஏன் இல்லை" என்று சண்டை. எங்கே பிழை?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பட்டியலில் பிழையில்லை, அது வேறு தேவைக்குப் போட்ட பட்டியல். பதிவு ஓரிடம், இருப்பு இன்னோரிடம் என்ற குடும்பங்கள் வன்னியில் எத்தனை! மகள் குடும்பம் தாய் வீட்டில்; வயற்காவலுக்குக் குடிசை போட்டவர் இன்னொரு பிரிவில். ஒரு கூரையின் கீழ் இரண்டு உலை வைத்தால் அவை இரண்டு குடும்பம். ஆகவே அந்தப் பட்டியலை அடியாக வைத்துக்கொண்டு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருவரோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, "இங்கே எத்தனை அடுப்பு?" என்று மட்டும் கேளுங்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெண்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். இரண்டு நாளுக்கு முன் இலக்கமிட்ட துண்டு கொடுத்து, துண்டுக்குப் பொதி என்று நடத்துங்கள். இருபதுக்கு ஒன்று மேலதிகம் வைத்திருங்கள். தனித்திருக்கும் முதியவர்களையும் நடக்க இயலாதவர்களையும் வரிசையில் நிறுத்தாமல் வீட்டுக்கே போய்க் கொடுங்கள்.

பாதை விடயத்தில் எதைக் கவனிக்கவேண்டும்?
– வாசகர், மாங்குளம்

முதல்நாள் மோட்டார்சைக்கிளில் ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது, நந்திக்கடல் நிரம்பினால் நீர் மேலால் பாயும். அப்போது புதுக்குடியிருப்பிலிருந்து கேப்பாப்புலவு, வற்றாப்பளை, முள்ளியவளை என்றோ, ஒட்டுசுட்டான் போயோ சுற்றவேண்டும். இரணைமடுவின் வான்கதவு திறந்தால் கீழே முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் நீர் ஏறும். காலையில் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். கதவு திறப்பார்களா என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ பிரதேச செயலகத்துக்கோ அழைத்துக் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

மேலே சொன்ன பொதி தேங்காயோடு இரண்டரைக் கிலோ வரும். 100 பொதி 250 கிலோ. நல்ல பாதையில் லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டிக்கு இது பாரமே இல்லை. சேற்றில் இரண்டு நடையாகப் பிரியுங்கள். லாண்ட்மாஸ்டரில் பெல்ற் நனைந்தால் வழுக்கும், ஓடும் நீரில் இறக்கினால் நடுவில் நின்றுவிடும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீர் என்றால் பெரிய உழவு இயந்திரம், அதுவும் ஊரவர் ஒருவர் வழிகாட்டினால் மட்டும்.

குறுக்கு வழி வேண்டாம். வெள்ளம் கண்ணிவெடியை இடம் மாற்றும், எச்சரிக்கைப் பலகையையும் பிடுங்கிப்போகும். முகமாலை போன்ற பகுதிகளை அண்டிய ஊர்களுக்குப் போகிறவர்கள் தார் வீதியையும் சனம் நாளாந்தம் நடக்கும் தடத்தையும் விட்டு இறங்கக்கூடாது, சிறுநீர் கழிக்கக்கூட. சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த காலடியிலேயே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கரையோரக் கிராமங்களுக்கு நத்தாருக்குக் கேக் கொடுக்கலாமா?
– வாசகி, முல்லைத்தீவு

பட்டர் கேக் மார்கழி ஈரத்தில் மூன்று நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பழம் போட்ட றிச் கேக் தாங்கும், விலைதான் கூட. பலகாரம் செய்யக்கூடிய கைகள் உங்களிடம் இருந்தால் முறுக்கும் பயத்தம்பணியாரமும் நல்ல தெரிவு. முறுக்கை முற்றாக ஆறவிடாமல் பையை ஒட்டினால் உள்ளே ஆவி பிடித்து நமத்துப்போகும். காலையில் சுட்டதை மாலையில் கட்டுங்கள். பழைய எண்ணெயில் சுட்டது இரண்டே நாளில் காறல் வாசம் அடிக்கும். 23ஆம் திகதி கொடுத்து முடியுங்கள். 24 மாலை எல்லாரும் கோவிலுக்கு ஆயத்தமாகிவிடுவார்கள். மின்சாரம் சீராகாத இடத்துக்குக் கோழி இறைச்சி கொண்டுபோகாதீர்கள்.

முஸ்லிம் குடும்பங்களும் உள்ள ஊர் எங்களுடையது. அவர்களுக்கு?
– வாசகர், முசலி

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கற்பூரப் பை இல்லாமல் அதே உலர் சாமான் கொடுக்கலாம். கோவிலில் படைத்ததைக் கொண்டுபோகவேண்டாம்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பால்மா சேர்க்கிறோம், சரிதானே?
– வாசகி, வவுனியா

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கென்று பொதுவாகப் பால்மா பங்கிடாதீர்கள். வெள்ளம் கலந்த நீரில், கொதிக்கவைக்காத போத்தலில் கரைத்தால் வயிற்றோட்டம்தான் வரும், தாய்ப்பாலும் குறைந்துபோகும். உண்மையில் தேவைப்படும் பிள்ளை யாரென்று குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும், அவர் வழியாகச் செய்யுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்புகிறார்கள், படம் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், நெடுங்கேணி

அடுக்கிவைத்த பொதிகளையும், பற்றுச்சீட்டுகளையும், இலக்கத் துண்டின் அடிக்கட்டையையும் படமெடுத்து அனுப்புங்கள். கை நீட்டி வாங்கும் முகம் வேண்டாம். அந்தப் பிள்ளை நாளை அதே வகுப்பில் உட்காரவேண்டும். மிஞ்சிய காசுக்கும் கணக்கு எழுதி அனுப்புங்கள். மிஞ்சினால் இன்னொரு பொதி கட்டுவதைவிட, தை பிறந்ததும் தேவைப்படும் மண்வெட்டியும் கிணற்றுக் கயிறும் வாங்கலாமா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.